20417 நீங்கலாக

கொன்று முப்பத்தைந்து நிமிடம் ஆகிறது, இன்னும் சாகவில்லை. சுவரில் மாட்டியிருக்கும் ஐம்பத்தைந்து அங்குல டிவியில், சர்வருக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கட்டளைகளின் பட்டியலில் முதல் வரியாக, சிவப்பு எழுத்தில் அது கிடக்கிறது, பக்கத்தில் 'கில்டு' என்ற சொல்லோடு, கொல்லப்பட்டது என்று அர்த்தம், கொல்லப்பட்டது ஆனால் போகவில்லை, இதைப் போய் மாப்பிள்ளைக்கு எந்த வாயால் விளக்குவது என்று நீலமேகம் யோசித்தான். விளக்கினால் தலையாட்டுவான். தலையாட்டிவிட்டு, ஓகே ஜி, அப்ப ரீஸ்டார்ட் போட்டுரலாமா என்பான். ரீஸ்டார்ட். இந்தப் பகல்காரர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். போன் மக்கர் பண்ணினால் அணைத்துப் போடு, டிவி மக்கர் பண்ணினால் அணைத்துப் போடு, பெண்டாட்டி முகம் கொடுத்துப் பேசாவிட்டால் ஊட்டிக்குக் கூட்டிப் போய் அணைத்துப் போடு. நல்லோரை திருமணத் தகவல் மையத்தின் முதலாளி வைரக்கண்ணுவின் மகளைக் கட்டிக்கொண்டதைத் தவிர இந்த சித்தார்த்தன் வேறு ஒரு காரியம் செய்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. ஊருக்கெல்லாம் மாப்பிள்ளை தேடித் தருகிற ஆபீஸில் இவனுக்கு மட்டும் அதுவே பெயராகவும் உத்தியோகமாகவும் நிலைத்துவிட்டது. எட்டே முக்காலுக்கே குளித்து வாசனையடித்துக்கொண்டு வந்து டிவிக்கு முன்னால் நிற்கிறான். அவன் கைக்கடிகாரம் அவன் நடக்கிற அடிகளை எண்ணுகிறது. லிஃப்டிலிருந்து டிவி வரை இருபத்தாறு அடி, அதையும் ஒரு சாதனையாக எங்கோ குறித்துக்கொள்ளும். டிவியும் அவன் யோசனைதான். பெங்களூரில் எவனோ ஒருவனுடைய ஆபீஸ் சுவரில் பார்த்தானாம். எந்தக் கட்டளை அதிக நேரம் ஓடுகிறதோ அது மேலே ஏறி வர வேண்டும், சிவப்பில் வர வேண்டும், பார்த்தவுடனே பகீரென்று இருக்க வேண்டும் ஜி என்றான். செய்து கொடுத்தவன் நீலமேகம். சிவப்பைக்கூட அவன்தான் தேர்ந்தெடுத்தான், நல்ல ரத்தச் சிவப்பு. இப்போது பகீரென்று இருக்கிறது.

அவன் ராத்திரி ஆள். இரவு பத்துக்கு வருவான், காலை ஆறுக்குப் போய்விடுவான், சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் கல்யாணமாகாதவர்களை எட்டு மணி நேரம் தனியாகக் காவல் காப்பான். ஆறு மணிக்குப் போயிருக்க வேண்டியவன் எட்டே முக்காலுக்கும் இங்கே உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் ஆடி ஒன்றாம் தேதி. உலகத்தில் எல்லோருக்கும் அவரவர் பிறந்த நாளில் வயது ஏறுகிறது. நல்லோரையில் பதிந்தவர்களுக்கு மட்டும் ஆடி ஒன்றில் மொத்தமாக ஏறும். வைரக்கண்ணுவின் ஏற்பாடு. பிறந்த தேதியைக் கம்ப்யூட்டரில் வைத்தால் எவனாவது எடுத்து எதிரிக்குக் கொடுப்பான், எதிரி அதைக் கொண்டுபோய் மந்திரவாதியிடம் கொடுப்பான், ஆகவே தேதியெல்லாம் பேப்பரில், பேப்பரெல்லாம் இரும்பு பீரோவில், கம்ப்யூட்டரில் வயது மட்டும், மொட்டையாக ஓர் எண். அந்த எண் தானாக வளராது. வருடத்துக்கு ஒரு தடவை யாராவது ஒன்றைக் கூட்ட வேண்டும். எப்போது கூட்டலாம் என்று கேட்டதற்கு மனிதர் கண்ணை மூடி யோசித்துவிட்டு ஆடியில் என்றார். தையில் கூட்டினால் பெண் வீட்டார் சண்டைக்கு வருவார்கள், சித்திரையில் கூட்டினால் மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், ஆடியில் எவனும் வரன் பார்ப்பதில்லை, எவனும் பட்டியலைத் திறப்பதில்லை, ஆவணியில் திறக்கும்போது முப்பத்தொன்று முப்பத்திரண்டாகியிருப்பது யார் கண்ணிலும் படாது. திருடன்கூட இவ்வளவு நேர்த்தியாக நேரம் பார்ப்பதில்லை. அந்த ஒன்றைக் கூட்டுகிற வேலை நீலமேகத்துடையது. ஒரே ஒரு வரிக் கட்டளை, போன வருடம் நாலு நிமிடம் ஓடியது. இந்த வருடம் விடிகாலை நாலே முக்காலுக்குப் போட்டான், ஐந்தானது, ஆறானது, ஏழானது, ஓடிக்கொண்டேயிருந்தது. பிறகுதான் தோண்டிப் பார்த்தான்: பங்குனியில் மாப்பிள்ளை, எவனோ ஒரு நண்பனைக் கொண்டு, இவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒருவருடைய வயது மாறினால் அவருக்கான பொருத்தப் பட்டியல் முழுவதும் அந்த நொடியே திருத்தி எழுதப்பட வேண்டும் என்று ஓர் ஏற்பாட்டை உள்ளே நுழைத்திருக்கிறான். ஓர் ஆளுக்கு நானூறு பொருத்தம். இரண்டு லட்சத்து அறுபதாயிரம் பேர். இப்படியே விட்டால் நாளை சாயங்காலம் வரை ஓடும். அதுவரை யாரும் எதையும் பதியவோ திருத்தவோ முடியாது, எல்லாம் பூட்டிக்கிடக்கும். ஆனால் மாப்பிள்ளையோ இன்று பத்து மணி முதல் ஆடிச் சலுகை என்று பேப்பரில் கால் பக்கம் விளம்பரம் கொடுத்திருக்கிறான், ஆடியிலும் தேடலாம், பாதிக் கட்டணத்தில் பதியலாம் என்று, கீழே ஜவுளிக்கடைக்காரனைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருப்பான், அவன் ஒலிபெருக்கி இப்போதே ஆரம்பித்துவிட்டது, இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம் என்று, சேலையை. எட்டு பத்துக்கு நீலமேகம் கட்டளையைக் கொன்றான்.

கொல்வது சுலபம். எண்ணைப் பார்த்து ஒரு சொல்லைத் தட்டினால் போதும். ஆனால் பாதியில் நிறுத்தப்பட்ட கட்டளை பாதியில் நிற்காது, அதுதான் இவர்களில் ஒருவனுக்கும் மண்டையில் ஏறாத விஷயம். ஒரு தெருவில் பாதி வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு ஏணியைப் போட்டுவிட்டு ஓடுகிற கொத்தனார் இல்லை டேட்டாபேஸ். அது ஒவ்வொன்றையும் மாற்றுவதற்கு முன்னால் பழையதை ஓர் ஓரமாக எழுதி வைத்துக்கொண்டேதான் போகும். கொல் என்று சொன்னதும் திரும்பும். கடைசியாக மாற்றியதை முதலில் எடுத்து, பழையபடி ஆக்கி, அதற்கு முந்தியதை எடுத்து, அதற்கும் முந்தியதை எடுத்து, வந்த வழியே ஒவ்வொரு வாசலாக நின்று நின்று முதல் வாசல் வரை போய்ச் சேர்ந்துவிட்டுத்தான் கண்ணை மூடும். எல்லாம் நடந்தது அல்லது எதுவுமே நடக்கவில்லை, நடுவில் ஒரு நிலை கிடையாது. மனிதர்களிடம் இல்லாத இந்த நாணயம் ஒரு யந்திரத்திடம் இருப்பதற்காகவே நீலமேகம் அதை மதித்தான். இதை அவன் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை, ரயிலடிக்கு எதிரே ராத்திரி முழுக்கத் திறந்திருந்த பிரவுசிங் சென்டரில் கல்லாவில் உட்கார்ந்து, எவனோ விட்டுப்போன பழைய புத்தகத்தை அகராதி வைத்துப் படித்து, பிழையாகச் செய்து, அழித்து, அடி வாங்கிக் கற்றுக்கொண்டான். இப்போது உள்ளே இருபத்து மூவாயிரம் பேர் இளமையாகிக்கொண்டிருக்கிறார்கள். நாலே முக்காலிலிருந்து ஒரு வயது கூடிப்போன லால்குடி வாத்தியார், முசிறி விவாகரத்துக்காரி, துபாயில் ஏசி மெக்கானிக், எல்லோருக்கும் ஒவ்வொருவராக அந்த ஒரு வயது திரும்பிக் கிடைக்கிறது. எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருத்தனுக்கும் தெரியாது. தெரிந்தாலும் என்ன செய்துவிடப்போகிறார்கள், ஒரு வயதை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை பெண் பார்க்கப்போய் கேசரி தின்றுவிட்டு மூக்கு சரியில்லை என்று எழுந்து வருவார்கள். டிவியில் சிவப்பு வரிக்குக் கீழே சின்னதாக ஒரு கணக்கு ஓடுகிறது: இன்னும் அவிழ்க்க வேண்டியவை அறுபது லட்சம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் குறைகிறது. ஒன்பதே முக்காலுக்கு முடிந்துவிடும். பத்து மணிக்குப் பதினைந்து நிமிடம் மிச்சம். கை வைக்காமல் இருந்தால் போதும். கை வைக்காமல் இருப்பதுதான் இந்த வம்சத்துக்குப் பிடிபடாத கலை.

ஆனால் அதுவரை அந்த வரி அங்கே இருக்கும். நீலமேகம் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தான், எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிறது. டிவியில் ஒவ்வொரு கட்டளையிலும் முதல் நூறு எழுத்துகள்தான் வரும், மிச்சம் வெட்டுப்படும். மற்றவர்கள் எழுதுகிற கட்டளைகள் அரசாங்க ஆணை மாதிரி முக்கால் பக்கத்துக்குப் போகும், தலையும் தெரியாது வாலும் தெரியாது. அவன் எழுதுவது சுருக்கமாக இருக்கும், அதில் அவனுக்குப் பெருமை, ஒரு சொல் அதிகம் இருந்தால் அவனுக்குக் கல் கடித்த மாதிரி இருக்கும். எழுபத்திரண்டு எழுத்துகள். முழுசாகத் தெரிகிறது. வயதோடு ஒன்றைக் கூட்டு, எல்லோருக்கும், 20417 நீங்கலாக. கடைசி ஐந்து இலக்கமும் பளிச்சென்று, ரத்தச் சிவப்பில். அந்த எண் ஒரு டெஸ்ட் ரெக்கார்டு. ஏழு வருடமாக அவன் தனக்குத் தானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறான். பதிவுப் படிவத்தைப் புதிதாகச் செய்தபோது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ஆளைப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, ராத்திரி இரண்டு மணிக்கு ஆளுக்கு எங்கே போவது, தன் விவரத்தையே போட்டான். மேகம் என்று பாதிப் பெயர். நட்சத்திரம் சதயம், உயரம் ஐந்து ஐந்து, வயது நாற்பத்தொன்று. தொலைபேசிக் கட்டத்தில் ஆபீஸின் லேண்ட்லைன். வேண்டிய கட்டங்களை மட்டும் நிரப்பினால் போதும், சோதனைக்கு அது போதும், ஆனால் அவன் எல்லாக் கட்டங்களையும் நிரப்பினான், எதிர்பார்ப்பு என்கிற பெரிய கட்டத்தையும் நிரப்பினான், விடிகிற வரைக்கும் நிரப்பினான். காலையில் அழித்திருக்க வேண்டும். டெஸ்ட் ரெக்கார்டை உள்ளே விட்டுவைக்கிறவனை அவனே எத்தனை தடவை காறித் துப்பியிருக்கிறான். அந்த வருடம் ஆடியில் கட்டளை எழுதும்போது, டெஸ்ட் ரெக்கார்டுக்கு எதற்கு வயது ஏற்ற வேண்டும் என்று ஒதுக்கினான், நியாயம்தானே. அடுத்த வருடம் பழைய கட்டளையை அப்படியே எடுத்துப் போட்டான், கை அந்த ஐந்து இலக்கத்தை அழிக்கவில்லை. அதற்கடுத்த வருடம் அழிக்கலாமா என்று யோசித்தான். யோசித்த வருடத்திலிருந்துதான் அது திருட்டாகிவிட்டது. தலைக்கு மை அடிக்கிற கிழவர்களை, முப்பத்தாறை முப்பத்திரண்டு என்று எழுதித் தருகிற தாய்மார்களை, பத்து வருடத்துக்கு முந்திய போட்டோவைக் கொடுக்கிற ரயில்வே குமாஸ்தாக்களை இத்தனை வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துத் தீர்த்திருக்கிறான். அவர்களாவது ஒரு பொய்யை ஒரு தடவை சொல்கிறார்கள். நாற்பத்தெட்டு வயதில் ஒருவன் வருடா வருடம் ஆடி ஒன்றாம் தேதி, பல் விளக்குவது மாதிரி, அதே பொய்யை உட்கார்ந்து டைப் அடிக்கிறான். கட்டளை இந்நேரம் அந்த எண்ணைத் தாண்டியிருக்கும். போகும்போதும் தொடவில்லை, திரும்பும்போதும் அங்கே அவிழ்க்க எதுவும் இல்லை. ஏறினாலல்லவா இறங்க.

"ஜி, இது என்ன இன்னும் செவப்பாவே நிக்குது?" என்றான் மாப்பிள்ளை. "கில் பண்ணிட்டேன்னீங்க." பண்ணியாகிவிட்டது என்றான் நீலமேகம், பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது, ஒன்பதே முக்காலுக்கு முடியும். "ஒரு ரீஸ்டார்ட் போட்டா க்ளீனாயிடும்ல?" ஆகாது சார். அணைத்துப் போட்டால் அந்த மிச்ச வேலை மறைந்துபோகாது, எழுந்ததும் மறுபடி அங்கிருந்துதான் அவிழ்க்க ஆரம்பிக்கும், எழுவதற்கே அரை மணி, எழுந்த பிறகு சூடு பிடிக்காமல் ஆமை மாதிரி நகரும், மத்தியானம் வரை போகலாம், எழாமலேகூடப் போகலாம். "எழாமலா?" எழாமல்தான். மாப்பிள்ளை டிவியைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், அறையைக் குறுக்கும் நெடுக்கும் நடந்தான், அதுவும் எண்ணப்பட்டிருக்கும். "மாமா கேட்டா நான் என்ன சொல்றது?" பங்குனியில் நீங்கள் நுழைத்ததைச் சொல்லுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கினான், ஏனென்றால் மாப்பிள்ளை பேசிக்கொண்டே அந்த வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், உதடு அசைந்தது, எழுத்துக் கூட்டிப் படிக்கிறானா. படி. படித்தாலும் உனக்கு என்ன தெரியும். எம்பிஏ. மூன்று லட்சம் வரதட்சணை மாதிரி எழுத்து மூன்று. உன் கண்ணுக்கு அது ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். பயம் உன்னிடம் இல்லை. லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்டது, வளையல் சத்தம், டிபன்பாக்ஸ் சத்தம், ஒன்பது மணி. பயம் இப்போதுதான் மாடி ஏறி வந்தது.

டெலிபோன் பிரிவில் ஒன்பது பெண்கள். பகல் முழுக்கப் பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் மாறி மாறிப் பேசுகிறவர்கள். அவர்களுக்கு மனிதர்களின் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். பெயரைச் சொல்லிப் பேசக்கூடாது என்பது வைரக்கண்ணுவின் சட்டம், அதனால் அந்த ஹாலில் எப்போதும் எண்கள் பறக்கும், மூணு எட்டு சைபர் ரெண்டு ஒண்ணு பொண்ணு வேண்டாங்குதாம், அஞ்சு ஒண்ணு நாலு நாலு ஆறுக்கு நாகதோஷம், ஒன்பது சைபர் ஏழு ஏழு மூணு குடிப்பாராம் ஆனா சொத்து இருக்கு. ஒரு எண்ணைக் கேட்டால் ஊரைச் சொல்வார்கள், கோத்திரத்தைச் சொல்வார்கள், அம்மாவின் குரல் எப்படியிருக்கும் என்று பேசிக் காட்டுவார்கள். கட்டளை எழுதியிருக்கிற ஆங்கிலம் அவர்களுக்கு ஒன்றும் சொல்லாது. ஐந்து இலக்கம் போதும். அதிலும் பிரிவுக்குத் தலைவி அமலோற்பவம், நாற்பது சொச்சம், பன்னிரண்டு வருடம் இதே ஹெட்போன், பாலக்கரையிலிருந்து காலைப் பூசை முடிந்து நேராக வருகிறவள், நோட்டைத் திறக்காமல் ஆயிரம் எண் சொல்வாள். வந்ததும் வராததுமாக ஒருத்தி, "டிவில என்னாடி ரத்தக் காவு மாதிரி" என்றாள், இன்னொருத்தி, "ஆடி பொறந்துருச்சுல்ல, சர்வருக்கு சாமி வந்திருக்கும்" என்றாள், சிரித்தார்கள், ஹெட்போனை எடுத்தார்கள், வைத்தார்கள், ஒரு பதிவையும் திருத்த முடியவில்லை என்றதும் நாற்காலிகளைத் திருப்பிப்போட்டுக்கொண்டு, சினிமாக் கொட்டகை மாதிரி, டிவியைப் பார்த்து உட்கார்ந்தார்கள். முப்பத்தெட்டு லட்சம். முப்பத்தேழு. நீலமேகத்துக்குக் கழுத்துக்குப் பின்னால் வேர்த்தது, ஏசி ஓடுகிறது, வேர்த்தது. திறந்து பார்க்க முடியும். திருத்தத்தான் முடியாது, பார்க்கப் பூட்டு கிடையாது, எவளாவது ஒருத்தி விரல் நீட்டி அந்த ஐந்து எண்ணைத் தட்டினால் மேகம், சதயம், ஐந்து ஐந்து, நாற்பத்தொன்று, எல்லாம் விரியும், எதிர்பார்ப்பு என்கிற கட்டமும் விரியும். போட்டோ போடவில்லை. போட்டோ எதற்கு, அந்தக் கட்டத்தில் எழுதியிருப்பது போட்டோவைவிட மோசம். என்ன எழுதினோம் என்று சரியாக நினைவுக்கு வரவில்லை, ஒரு வாக்கியம் மட்டும் பாதி வந்தது, வந்ததும் மனசு சூடு பட்ட விரல் மாதிரி இழுத்துக்கொண்டது. சிரிப்பார்கள். இவர்கள் சிரிப்பது அவனுக்குத் தெரியும், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து போகும்போது சில நாள் மாடிப்படியில் எதிரே வருவார்கள், பேச்சு நிற்கும், இவன் தாண்டியதும் தொடரும். இத்தனை வருடம் அவர்களை மனசுக்குள் வாத்துக் கூட்டம் என்று கூப்பிட்டு வந்திருக்கிறான். வாத்துகள் உட்கார்ந்து அவன் கட்டளையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது, வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, அரை மணியாக அது அங்கேயே உட்கார்ந்திருந்தது, இவன்தான் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. அணைத்துப் போட்டால் பட்டியல் போய்விடும். எழுந்த பிறகும் அவிழ்க்கிற வேலை நடக்கும், ஆனால் பெயரில்லாமல் நடக்கும், எந்தக் கட்டளை, யார் போட்டது, எது நீங்கலாக என்று எதுவும் இராது, சிவப்பு வரி இராது. எட்டே முக்காலிலிருந்து இந்த மடையன் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தானே. இவன் கேட்கிறான், இவன் பொறுப்பு, மத்தியானம் வரை எழவில்லையென்றால் இவன் விளம்பரம், இவன் மாமனார். அறிவில்லாதவன் கேட்டான், அறிவுள்ளவன் தடுத்தான், அறிவில்லாதவன் முதலாளியின் மருமகன், நாலு பேரிடம் சொன்னால் நம்புகிற கதை. உள்ளே இருபத்து மூவாயிரம் பேரில் இன்னும் ஐயாயிரம் பேர் பாதியில் நிற்கிறார்கள், வயது இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், நின்றால் என்ன, யார் இவர்கள், பொய் ஜாதகமும் பொய் சம்பளமுமாக. அமலோற்பவம் எழுந்தாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டு டிவியை நோக்கி நடந்து வந்தாள். "சார்" என்று நீலமேகம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டான், குரல் அவனுடையதாக இல்லை, எவனோ மரியாதையான ஒருவனுடையதாக இருந்தது. "நீங்க சொன்னபடியே பண்ணிரலாம் சார். ஒரு ரீஸ்டார்ட் போட்டுரலாம்." மாப்பிள்ளையின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "பாத்தீங்களா ஜி. நான் அப்பவே சொன்னேன்." சொன்னீர்கள் சார். நீலமேகம் எழுந்து சர்வர் அறைக் கதவின் கைப்பிடியில் கை வைத்தான். இருபது வருடத்தில் மற்றவர்களைப் பார்த்து இவன் உமிழ்ந்த அவ்வளவு எச்சிலும் இந்தக் கைப்பிடியில்தான் இருந்தது போல வழுக்கியது.

"எதுக்கு சார் ஆஃப் பண்ணணும்?" என்றாள் அமலோற்பவம். அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போன ஐப்பசில கரண்டு போயி அதுவா ஆஃப் ஆனப்ப மூணு நாளு சும்மா உக்காந்திருந்தோமே. அப்ப சத்தம் போட்டது நீங்கதான சார். பாதில நின்ன வேலைய மிசினே முடிச்சுக்கட்டும், நடுவுல எவனும் கைய வைக்காதீங்கன்னு. எவனும்னீங்க, மொதலாளி அய்யாவே நின்னுட்டிருந்தாரு." அது வேற, என்றான் நீலமேகம். "இப்ப மிச்சம் பதினெட்டு லட்சம்னு போட்டிருக்கு. நானும் பாத்துட்டேதான் இருக்கேன், நிமிசத்துக்கு ஒண்ணு கொறையுது. பதினெட்டு நிமிசம். மணி ஒம்பது இருவத்தேழு." அவள் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். "தம்பி, பத்து மணிக்குத்தான ஆரம்பிக்கறீங்க?" ஆமாம் மேடம் என்றான் மாப்பிள்ளை. "அப்பறம் என்ன. நீங்க போயி அய்யாவுக்கு போனப் போட்டு எல்லாம் ரெடின்னு சொல்லுங்க." எட்டே முக்காலிலிருந்து நீலமேகம் சொல்லி ஏறாதது இந்தப் பொம்பளை சொல்லி ஏறியது; மாப்பிள்ளை போனைக் காதில் வைத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் அடிகளைச் சேர்க்கப் போனான். நீலமேகம் கைப்பிடியை விட்டான். கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவில் நான்கு அடி இருந்தது. அவள் அவன் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள், மற்றவர்களுக்கு முதுகு காட்டி, டிவிக்கு முகம் காட்டி.

"அந்த நம்பர் எங்க பிள்ளைங்களுக்கு எல்லாம் தெரியும் சார்" என்றாள், தணிந்த குரலில், போனில் பேசுகிற குரலில். எந்த நம்பர் என்று அவன் கேட்கவில்லை. "ஃப்ரீசர் பாக்ஸ்னு பேரு வச்சிருக்குதுங்க. ஏழு வருசமா நாப்பத்தொண்ணுலயே கெடக்குல்ல, அதுக்கு." டெஸ்ட் ரெக்கார்டு என்றான் நீலமேகம். "ஆமா. நானும் அப்டித்தான் சொல்லி வச்சிருக்கேன். யாருன்னு அதுங்களுக்குத் தெரியாது, நான் சொல்லலை." பன்னிரண்டு லட்சம். வாத்துகளில் ஒன்று இப்படியும் உட்காரும் என்று அவன் கணக்கில் இருந்ததில்லை, அதற்கும் ஒரு ஏளனம் தயார் செய்ய வேண்டியிருந்தது, நேரம் போதவில்லை. "ஆனா வெளில இருக்கறவங்களுக்கு டெஸ்ட்டுன்னு தெரியாதுல்ல சார். கேக்கத்தான செய்றாங்க." என்ன கேட்கிறார்கள். "என்ன கேப்பாங்க, வரனத்தான். இந்த நம்பர் பையன் எங்க பொண்ணுக்குத் தோதா இருக்கும்போல இருக்கு, பேசிப் பாருங்கன்னு." அப்படி எதுவும் பதிவில் இல்லையே என்றான், உடனே, தொழில்காரனாக, அவனுடைய டேட்டாபேஸில் அவனுக்குத் தெரியாத ஒரு வரி இருக்க முடியாது. "பதிவுல எங்க இருக்கும். போன்ல வர்றதெல்லாம் எங்க நோட்டுலதான. ரெண்டு பக்கமும் சரின்னாத்தான் உங்க மிசின்ல ஏத்துவோம்." நோட்டு. நாற்பது பக்க நோட்டு, அட்டையில் முயல் படம் போட்டது, ராத்திரி அவன் டீ கிளாஸை அதன் மேல்தான் வைப்பான். எத்தனை பேர் என்று கேட்டான். "பன்னெண்டு. அந்தப் பையன் நம்பருக்கு அடிச்சா அது நம்ம பழைய லேண்ட்லைனு, அதக் கட் பண்ணியே அஞ்சாறு வருசம் ஆச்சு. நம்பர் கெடைக்கலைன்னு பார்ட்டிகிட்ட சொல்லக்கூடாதுன்னு அய்யா ஆர்டர். வரன் அமைஞ்சிருச்சுன்னு சொல்லணும். நம்ம மூலமாவே அமைஞ்சிருச்சுன்னு." சொன்னீர்களா. "பன்னெண்டு தடவையும் நான்தான் சொன்னேன்."

எட்டு லட்சம். கீழே ஒலிபெருக்கி இரண்டு எடுத்தால் ஒன்று என்றது. கடைசியாக யார் என்று கேட்டான், கேட்டிருக்கக்கூடாது, கேட்டுவிட்டான். "தையில. விருத்தாசலத்துலேர்ந்து ஒரு அம்மா. பொண்ணுக்கு முப்பத்தெட்டு, ஆஸ்பத்திரில நைட் டூட்டி நர்சு. அந்தம்மா ஒரு தடவைல விடல சார், மூணு தடவ போன் பண்ணுச்சு. இந்தப் பையனுக்கும் ராத்திரி வேலைன்னு போட்டிருக்கே, பகல்ல வீட்டுல ஒருத்தரு தூங்குனா இன்னொருத்தரு பாத்திரத்தக்கூட சத்தமில்லாம வைக்கணும்னு எழுதியிருக்கே, எம் பொண்ணு அப்டித்தாம்மா வைப்பான்னு." அமலோற்பவம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். "அமைஞ்சிருச்சும்மான்னு சொன்னேன்." அதற்கு என்ன சொன்னார்கள். "சரிம்மா, எங்க இருந்தாலும் நல்லாருக்கட்டும்னுச்சு. வச்சிருச்சு."

அந்த அம்மாவை என்ன சொல்லலாம் என்று நீலமேகம் தேடினான். ஏதாவது இருக்கும். எவனென்றே தெரியாத ஒருத்தனுக்கு மூன்று தடவை போன் செய்கிற அசடு என்று சொல்லலாம், சொல்லிப் பார்த்தான், ஒட்டவில்லை. விருத்தாசலத்து வெயிலைச் சொல்லலாம், ரயில் மாற வருகிறவனைத் தவிர அங்கே யார் இறங்குகிறான் என்று சொல்லலாம், முப்பத்தெட்டு வயதுவரை வீட்டில் வைத்திருந்துவிட்டு என்று ஆரம்பிக்கலாம், ஆரம்பித்தான், நாற்பத்தெட்டு என்று உள்ளேயிருந்து எதுவோ சொன்னது, நிறுத்தினான். ஒவ்வொரு சொல்லாக எடுத்து அந்தக் குரலின் மேல் வைத்துப் பார்த்தான், நல்லாருக்கட்டும் என்று போனை வைத்த குரல், அவன் கேட்டேயிராத குரல். எதுவும் பொருந்தவில்லை. ஒன்பது நாற்பத்தைந்துக்குச் சிவப்பு வரி போயிற்று, பட்டியல் காலியானது, இருபத்து மூவாயிரம் பேரும் நேற்றிரவு இருந்த வயதுக்கே வந்து சேர்ந்தார்கள், டெலிபோன் பெண்கள் நாற்காலிகளைத் திருப்பிக்கொண்டார்கள், லிஃப்ட் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை கைதட்டினான். வீட்டுக்குப் போய்ப் படுங்க சார், கண்ணெல்லாம் செவந்திருக்கு என்று சொல்லிவிட்டு அமலோற்பவம் எழுந்து போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நீலமேகம் பையை எடுத்தான், மாடிப்படியில் இறங்கினான், ஒலிபெருக்கியைத் தாண்டினான், வெயிலில் பஸ்ஸுக்காக நின்றான், இன்னும் தேடிக்கொண்டிருந்தான்.